கறுப்புத் தாளில் சிட்டுவின் பொம்மைகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

சிட்டு, இன்றைக்கும் புகைமூட்டம். காயப்போட்ட துணியெல்லாம் புகை வாசம். பள்ளிக்கூடக் கேன்டீனில் நான் பிரட்டிய மீ நூடுல்ஸ் அடிப்பிடித்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீ இந்த அக்காவை விட்டுப் போனதிலிருந்து என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மதியம் செண்டாயானிலிருந்து வசந்தி டீச்சர் போன். உன் மரப் பொம்மைகளைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாரே, அவர்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பொம்மைங்க காலடியில மாவு மாதிரி கொட்டிக் கெடக்கு. தொடச்சா மறுநாளும் கெடக்கு."

மாவு என்றதும் எனக்கு உளுப் பூச்சி ஞாபகம்தான். நாம் செதுக்குகிற பால்மர ரப்பர் கட்டைக்கு அதுதானே எமன். மருந்துத் தண்ணியில் ஒழுங்காகக் கொதிக்காத கட்டையில் உளு புகுந்தால், உள்ளேயே தின்று மாவாகத் தள்ளும். ஒன்றில் இருந்தால் பக்கத்தில் இருப்பதற்கும் போகும். எரிக்க வேண்டியதுதான்.

டீச்சர் வாங்கியது நீ கடைசியாகச் செதுக்கியவை. அந்தக் கட்டைகளை நான் கொதிக்க வைக்கவில்லை. நான் உன்னோடு ஆஸ்பத்திரியில். கொதிக்க வைத்தது உன் வீட்டுக்காரன் முருகன்.

சாயங்காலம் முருகன் லோரியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாகக் கேட்டேன்.

"அன்னிக்கு டிரம்முல கட்டைய எவ்ளோ நேரம் கொதிக்கவிட்டே?"

"கொதிச்சிச்சு அண்ணி."

"எவ்ளோ நேரம்னு கேக்குறேன்."

"ரெண்டு சிகரெட்டு புடிக்கிற நேரம்... மூணு இருக்கும் லா."

காலையில் ஏற்றினால் மதியச் சோறு வரைக்கும் கொதிக்க வேண்டிய கட்டை. நான் சாப்பிடவில்லை. புளிக்குழம்பு அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லீவு. லோரியில் செண்டாயான். இடுப்பு வலி. முருகன் வழியெல்லாம் ஒரு சிகரெட்கூடப் பற்ற வைக்கவில்லை. பாவம், அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருப்பான்.

மாவு உண்மைதான். விரலில் எடுத்தால் முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி. அலமாரி புத்தம்புதுசு, முகம் பார்க்கலாம். டீச்சர் கோப்பி கொடுத்தார்.

துண்டில் சுற்றி எடுத்தவை: பால்வெட்டுக்காரி, தலை விளக்கோடு. சைக்கிள் ரொட்டிக்காரர். பிள்ளையை இடுப்பில் வைத்தவள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. மாடு (ஒரு கொம்பு குட்டை, உன் வேலை).

"கிராணிய பாத்துத் தூக்குங்கம்மா, தொப்பை கதவுல இடிக்கும்" என்றார் டீச்சர். இந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு. எப்போதும்போல் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"உளுவா இருந்தா என்ன செய்வீங்க?"

"எரிக்கணும் டீச்சர்."

அவரே வெளியே வந்து லோரிக் கதவைத் திறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

ரந்தாவ். நமக்குக் கட்டை தருகிற சீன மரக்கடை முதலாளி, அந்தத் தவுக்கேயிடம் போய் நின்றேன். அவர் பொம்மையைக் காதருகே வைத்துத் தட்டினார். "துங்கு டுலு" என்றார். பொறுத்துப் பார்க்க வேண்டுமாம். கறுப்புத் தாள் மேல் வை, தொடாதே. உளு உயிரோடு இருந்தால் தாளில் மாவு விழும். ஞாயிறு வரைக்கும் பார். அவசரப்பட்டு எரிக்காதே.

வாங்கியது: கறுப்புத் தாள், டார்ச்லைட் பேட்டரி, கருவாடு.

உன் வீட்டு ஹாலில் ஆளுக்கொரு தாள் விரித்து நிற்க வைத்தேன். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, பேர் கொடுக்க வரிசையாக நிற்கிற ஆட்கள் மாதிரி. கிராணி முன்னால்.

"அண்ணி, தகர டப்பாவுல இருக்குறதையும் வெக்கணும்ல?" என்றான் மு.

எனக்குத் தெரியாதா. நீ செதுக்கி, நான் சாயம் பூசாமலே விட்டுப்போன பொம்மை. உன் துண்டில் சுற்றினபடி இருக்கிறது. காரியம் முடிந்த நாளிலிருந்து நான் திறக்கவில்லை. நாளைக்கு என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மழை. புகை அடங்கியது. தாள்கள் சுத்தம். ஆனால் ஒரு நாள்தானே.

டப்பாவைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோயிலுக்குப் போய் வந்த தெம்பில் திறந்தேன். துண்டில் உன் தைல வாசம். கொஞ்ச நேரம் மூக்கிலேயே வைத்திருந்தேன்.

பொம்பளைப் பொம்மை. கால் நீட்டி உட்கார்ந்து, வாய் நிறையச் சிரிக்கிறாள். நாம் செய்த எதுவும் வாய் திறந்ததில்லையே. சின்ன வாயில் பல் செதுக்கினால் கட்டை பிளந்துவிடும் என்று நீதானே சொல்வாய்.

டார்ச் அடித்தேன். மேல் பல் வரிசையில் ஓட்டை.

உடனே துண்டால் மூடினேன். மு.விடம் சொல்லவில்லை. என் வீட்டுக்குத் தூக்கி வந்து தனித் தாளில் வைத்தேன். மற்றவை போனாலும் இது ஒன்று தப்பித்தால் போதும் என்று நேற்று வரை நினைத்தேன். இப்போது இதிலேயே ஓட்டை. ஆண்டவன் கொஞ்சம் விட்டு வைக்கக் கூடாதா.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சுத்தம்! எல்லாத் தாளும் சுத்தம். தட்டினேன், கவிழ்த்தேன், உலுக்கினேன். ஒரு பொட்டு இல்லை. ஓட்டைக்காரி தாளிலும் இல்லை.

அதற்குள் டீச்சர் போன். பொம்மை இல்லாத வெறும் அலமாரியிலும் மாவு கொட்டிக் கிடக்கிறதாம். அவர் வீட்டுக்காரர் பின்பலகையை விரலால் குத்த, விரல் உள்ளே போய்விட்டதாம்.

"புது அலமாரிம்மா! அதுவும் பால்மரமாம்! உங்க பொம்மைங்க தப்பிச்சதே பெருசு. மன்னிச்சிருங்கம்மா."

வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். மு.வைக் கத்திக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நான்தான் சொன்னேன்ல அண்ணி, கொதிச்சிச்சுன்னு!"

"பேசாத லா. மூணு சிகரெட்டு."

அவன் முகத்தைக் கழுவுகிற மாதிரி குழாயடிக்குப் போய்விட்டான். ரொம்ப நேரம் தண்ணீர்ச் சத்தம்.

கருவாடு பொரித்தேன். இரண்டு தரம் சோறு. அடுப்பில் எதுவும் கருகவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

நல்ல வெயில். டீச்சர் இரும்பு அலமாரி வாங்குகிற வரைக்கும் பொம்மைகள் இங்கேயே. கிராணியைத் தொலைக்காட்சி மேல் வைத்தாயிற்று.

மாவு கொட்டவில்லை, சரி. ஓட்டை எப்படி வந்தது? மனசு கேட்காமல் மு.விடம் காட்டினேன். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மறுபடி பொம்மையை.

"அண்ணி, இது உளு ஓட்டை இல்ல. கத்தியால எடுத்தது. ஓரம் பாருங்க, சதுரமா இருக்கு."

"வாயில எதுக்கு?"

"பல்லு இல்லாத எடம். நீங்கதான் லா இது."

நான் கேன்டீனுக்குப் போன பிறகு நீ படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து செதுக்குவாயாம். என் செருப்புச் சத்தம் கேட்டால் தலையணைக்கு அடியில் ஒளிப்பாயாம். உன் அக்காவிடம் காட்டு என்று அவன் சொன்னால், "இப்ப காட்டுனா கையால மூடிக்குவா, சாயம் பூசறப்ப பாத்துக்கட்டும்" என்றாயாம்.

பல் போனது சின்ன வயதில், சைக்கிளிலிருந்து விழுந்து. அதற்குப் பிறகு நான் கையை எடுத்துச் சிரித்ததே இல்லை. கல்யாணப் போட்டோவில் இல்லை. கட்டினவர் உயிரோடு இருந்தவரைக்கும் அவர் முன்னாலும் இல்லை. ஆனால் நீ எந்தப் பல் என்பதைக்கூடச் சரியாக எடுத்திருக்கிறாய். சிரித்தால் இடக்கண் சுருங்குவதையும். அது எனக்கே தெரியாது. கண்ணாடி முன் நின்று கையை எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சிட்டு, நான் எப்போதடி உன் முன்னால் இப்படிச் சிரித்தேன்?