காந்தள்நங்கையார் தனித்து உண்ணும் காரணம்

மலையில் மழையும் வயலில் நெல்லும் மன்றத்தில் நீதியும் குன்றாதிருக்க! தண்பொழில் நாட்டைத் தம் தோளில் தாங்கும் கோமான், பகைவரின் புறமுதுகு கண்ட பெருவீரர், எங்கள் பட்டத்தரசியாருடன் பிறந்த தமையனார் மருதங்கோ மன்னர் திருமுன்பு, செவ்வரை நாட்டு முதலமைச்சன் சாத்தங்குமரன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளும் யானைகளும் குதிரைகளும் நலமே வாழ்க. இங்கு யாவரும் நலம் என்று எழுத எழுத்தாணி வரவில்லை, பொறுத்தருள்க.

தங்கள் தங்கையார் காந்தள்நங்கையார் கீழைமாளிகையில் தனித்து உண்கிறார் என்னும் செய்தி இவ்வோலைக்கு முன்பே தங்களை எட்டியிருக்கும். எங்கள் நாட்டில் கணவனால் கைவிடப்பட்டவள் மட்டுமே தனித்து உண்பாள். மற்றப் பெண்டிர், அரசியே ஆயினும், கணவனோடு ஒரே பந்தியில் அமர வேண்டும். ஆதலால் தங்கையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கொதித்துத் தாங்கள் படை திரட்டுவதாக அறிகிறோம். அப்படை எல்லையைத் தாண்டுமுன் நடந்ததை முழுதும் கேட்டருள வேண்டும்.

அரசியாருக்கு இளமை முதலே ஒரு துன்பம் உண்டு. தாய்வீட்டில் அதைப் பிடிவாதம் என்று சொல்லி அதட்டி அடக்கினார்களாம்; தாங்களும் அதட்டியதுண்டாம். முரசு அதிர்ந்தாலும் யானை பிளிறினாலும் அவர் இமை அசைவதில்லை. ஆனால் அருகில் ஒருவர் சோற்றை மெல்லும் ஓசை, பாயசத்தை உறிஞ்சும் ஓசை, நீர் தொண்டையில் இறங்கும் ஓசை காதில் விழுந்த கணமே அவருக்கு உடல் முழுதும் பற்றி எரிகிறது; எதிரில் இருப்பவரின் முகத்தில் கலத்தை வீசி எறியக் கை துடிக்கிறது. உண்பவர் தம் ஆருயிர்க் கணவர் என்பதும் அப்போது நினைவில் நிற்பதில்லை.

பந்தி முடியும்வரை நகங்கள் உள்ளங்கையில் பதியக் கையை இறுக்கிக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல் அமர்ந்திருப்பார். பிறகு தம் அறைக்குச் சென்று, இத்தனை அன்பான மனிதரை அவர் உண்ணும் சோற்றுக்காக வெறுக்கிறேனே, நான் என்ன பிறவி என்று அழுவார். மருத்துவர் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றினர். பூசாரி வேப்பிலை அடித்தார். அரசியார் இளைத்துத் துரும்பானதைத் தவிர வேறு பயன் ஒன்றும் விளையவில்லை.

ஒருநாள் அவர் எங்கள் அரசர் நெடுவரையர்முன் கைகூப்பி, மணியோசையும் முரசோசையும் என்னை வருத்துவதில்லை, உண்ணும் வாயின் ஓசையே வருத்துகிறது, தனித்து உண்ண மட்டும் விடுங்கள் என்று வேண்டினார். அரசர் கண்கலங்கி, நீ தனித்து உண்டால் நான் உன்னைக் கைவிட்டேன் என்று ஊர் பேசுமே, அதை மட்டும் கேளாதே, வேறு எது வேண்டுமானாலும் செய்கிறேன் என்றார். செய்தும் விட்டார். கேட்டதைக் கொடுக்காமல் கேளாததையெல்லாம் வாரிக் கொடுத்தார்.

தலைநகரில் ஓசை கூடாது என்று ஆணை பிறந்தது. பெண்கள் சிலம்பைக் கழற்றினர். தச்சரும் கொல்லரும் ஊருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். அரண்மனைக்குக் கேட்கும் தொலைவில் உள்ள மணிகளின் நாக்குகளையெல்லாம் கழற்றினார்கள். அந்த அமைதியில் பந்தியின் ஒவ்வொரு மெல்லலும் முன்னிலும் உரக்க அரசியாரின் காதில் விழுந்தது. எனக்காக இதைச் செய்யாதீர்கள் என்று அவர் மன்றாடியதை அரசர் அவருடைய பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டார்.

கருநீராற்றங்கரையில், வெள்ளம் வருவதை ஊருக்கு அறிவிக்கும் வெள்ளமணி ஒன்று உண்டு. ஆணையில் அதுவும் அடங்குமா என்று அரசரிடம் கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. வாய் திறப்பதே குற்றமாயிருந்த காலம் அது. ஆகவே அதன் நாக்கையும் கழற்றி வைத்தார்கள். சென்ற கார்காலத்தில் ஒருநாள் மலையில் பெருமழை. ஊரிலோ நல்ல வெயில். துறையில் பெண்கள் துணி துவைக்க, பிள்ளைகள் நீரில் விளையாடிக்கொண்டிருந்தனர். மணிக்காவலன் குன்றன் மேட்டிலிருந்து வெள்ளத்தைக் கண்டு, பதற்றத்தில் பழக்கப்படி ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தான். மணி ஆடியது, ஒலிக்கவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அவன் கீழே ஓடி வருமுன் துறை இருந்த இடத்தில் ஆறு இருந்தது. அவன் மனைவியும் அந்தத் துறையில்தான் துவைத்துக்கொண்டிருந்தாள்.

பிணங்களை எடுத்து முடிக்குமுன்பே மன்றம் கூடியது. அரசியாரையும் அதே ஆற்றில் விட வேண்டும் என்று கூவினார்கள். பிழை என்னுடையது என்று அரசர் முடியைக் கழற்றித் தரையில் வைத்தும் அவர்கள் சினம் தணியவில்லை. முடிவில், உயிரை மட்டும் விட்டுவைத்து, சாகும்வரை எவரோடும் பந்தியில் அமராமல் தனித்தே உண்ண வேண்டும் என்று அரசியாருக்குத் தண்டனை விதித்தார்கள்.

அரசியார் அதை நின்றபடியே கேட்டார். இந்த ஒன்றைத்தானே கைகூப்பிக் கேட்டேன், அன்றே கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்று இருப்பார்களே என்றார்.

முதல்நாள் கீழைமாளிகையில் இலை போட்டுப் பரிமாறிவிட்டுக் கதவைச் சாத்தினோம். அரசியார் வயிறார உண்டார். அவர் அப்படி உண்டதை நாங்கள் இதுவரை கண்டதில்லை என்று பணிப்பெண்கள் கூறினர். உண்டு முடித்தபின், இத்தனை பேரைக் கொன்றுவிட்டு எனக்குச் சோறு ருசிக்கிறதே என்று எச்சில் கையோடு இலைமுன் அமர்ந்து பொழுது சாயும்வரை அழுதார்.

ஆதலால் இது அவமதிப்பு அன்று என்று அறிக. அண்ணன் அழைத்தாலும் நான் வரமாட்டேன், அங்கும் பந்தி உண்டு என்று அரசியார் சொல்லச் சொன்னார். நெடுவரையர் ஆணையால் இதன்கீழ்ச் செவ்வரை இலச்சினை பொறிக்கப்பட்டது; அதன் அருகே அரசியார் தம் கணையாழியையும் ஒற்றியிருக்கிறார். படையைத் திருப்புக என்பது எங்கள் அரசரின் வேண்டுகோள்; தங்கையாரின் ஆணை. தம் பொருட்டு இனி ஓர் உயிர் போனாலும் அந்தத் தனிச்சோற்றையும் தொடுவதில்லை என்று அவர் சூள் உரைத்திருக்கிறார்.