கடைசிச் சுற்றும் சாருஜாவின் சடங்கும்

கிரின்ஸ்டெட்,
டென்மார்க்.

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை கிருசாந்தி எழுதிக்கொள்வது,

இங்கே நானும் இவரும் சாருஜாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் சுபாங்கனும் ரொறன்ரோவில் சுகமாக இருக்க வேண்டும் என்று நல்லூரானைக் கும்பிடுகிறேன். அன்றைக்கு நீங்கள் கோபத்தில் போனை வைத்த பிறகு நானும் எடுக்கவில்லை, நீங்களும் எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நான் ஒரு வசனம் தொடங்கினால் இரண்டாவது சொல்லிலேயே வெட்டிவிடுவீர்கள். கடிதத்தை வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் வாசிக்காமல் கிழிக்க உங்களுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். இங்கே தெருவில் நின்ற தபால்பெட்டிகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். இவ்வளவு மினக்கெட்டு எழுதுகிறாளே என்று நினைத்தாவது பொறுமையாக வாசியுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாருஜா பெரியபிள்ளையானதற்குச் செய்கிற சாமத்தியச் சடங்குக்கென்று ஹொல்ஸ்டெப்ரோவில் பிடித்திருந்த மண்டபத்தை போன கிழமையே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை பிள்ளை பந்து விளையாடுவாள். சடங்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடக்கும். இதில் மாற்றமில்லை. இனி எழுதப்போவதெல்லாம் விளக்கம்தான், மன்னிப்பு இல்லை.

இங்கே உங்கள் கனடா மாதிரிப் பள்ளிக்கூடங்களுக்கு அணி கிடையாது, ஊர்க் கழகம்தான். எங்கள் கழகத்தில் பெண்பிள்ளைகள் போதாமல் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் பதினைந்து வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணி ஒன்றை ஒருமாதிரி ஒப்பேற்றினார்கள். போன வருடம் எங்கள் பிரிவில் கடைசி இடம். மற்ற ஊர்த் தாய்மார் எங்களைப் பாவம் பார்த்துக் கேக் தந்துவிட்டுப் போனார்கள். இந்த வருடம் எட்டு அணிகளில் நாங்கள் மூன்றாவது. முதல் இரண்டு அணிகள்தான் யூலன்ட் பகுதி முழுவதுக்குமான இறுதிச் சுற்றுக்குப் போகும். இரண்டாவதாக நிற்கிற பெரிய நகரத்துக் கழகம் எங்களைவிட ஒரே ஒரு புள்ளி கூட. கடைசி ஆட்டம் அவர்களோடுதான், அதுவும் எங்கள் ஊர் மைதானத்தில். வென்றால் நாங்கள் போவோம். சமநிலையில் முடிந்தால் அவர்கள் போவார்கள். சாருஜாதான் எங்கள் கோல் காக்கிறவள். அவளை விட்டால் அணியில் வேறு கோல் காக்க ஆளில்லை. முன்னுக்கு நின்று கோல் அடிக்கிற பிள்ளையைத்தான் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். பிறகு யார் அடிப்பது?

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு நாள் வைக்கவில்லை, அண்ணா. மண்டபம் போன புரட்டாதியிலேயே பிடித்தது. மாசியில் ஆட்டப் பட்டியல் வந்ததும் நானும் சாருஜாவும் விரலை வைத்துப் பார்த்தோம். அந்தச் சனிக்கிழமை வெறுமையாகத்தான் இருந்தது. பிறகு பங்குனியில் மைதானமெல்லாம் உறைந்துபோய் முதல் சுற்று நடக்கவேயில்லை. அந்தச் சுற்றை அப்படியே தூக்கி, ஆனியில் வெறுமையாகக் கிடந்த அந்தச் சனிக்கிழமையில் போட்டுவிட்டார்கள். பயிற்சியாளர் ஸ்ரிபன் நேரத்தை மாற்றித் தரச்சொல்லிக் கேட்டுப் பார்த்தார். கடைசிச் சுற்றில் எல்லா அணிகளும் ஒரே நேரத்தில்தான் ஆட வேண்டுமாம். மற்றவனுடைய முடிவைத் தெரிந்துகொண்டு யாரும் கள்ள ஆட்டம் ஆடக்கூடாது என்பதற்காக. நியாயமான சட்டம்தான். எனக்கு அதில் ஒரு கோபமும் இல்லை.

என் கோபமெல்லாம் எங்கள் ஆட்களோடுதான். காலையில் தண்ணீர் வார்த்து, மத்தியானம் ஆடவிட்டு, பின்னேரம் மண்டபத்துக்குக் கொண்டுபோகலாமா என்று இவரின் அக்கா சுசீலாதேவி மச்சாளிடம் கேட்டேன். அலங்காரம், பல்லக்கு, வீடியோ எல்லாம் ஒழுங்குசெய்தவர் அவர்தானே. தலையிலை சடைநாகம் வைச்சுக்கொண்டோ பிள்ளை பந்து பிடிக்கிறது எண்டு கேட்டார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது, நானும் சிரித்துவிட்டேன். பிறகு சாருஜாவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்து, இந்த உரசல் காயத்தோடை எப்பிடிப் படம் எடுக்கிறது, இந்தக் கிழமையிலை இருந்தே பந்தை நிப்பாட்டு எண்டார். சாருஜா கையை மெதுவாக இழுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மண்டபத்தை விடப்போகிறேன் என்று சொன்னதும் மச்சாள் இன்னொரு வழி காட்டினார். பந்துக்காகத் தள்ளிப்போட்டது எண்டு சனத்துக்குச் சொல்லாதை, ஏதோ ஒரு துடக்கு எண்டு சொல்லுவம் எண்டார். துடக்கு என்றால் ஒருவர் செத்திருக்க வேண்டுமே, யாரைச் சாகச் சொல்லுறியள் எண்டு கேட்டேன். இவரின் சித்தப்பா வழியில் தூரத்து உறவு ஒருவரின் பெயரைக்கூடச் சொன்னார். அந்த மனிசன் வவுனியாவில் நல்ல சுகமாகத் தோட்டம் செய்துகொண்டிருக்கிறார். நான் அவரைக் கொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் எடுத்து, சாருஜாவுக்கு அன்றைக்குக் கடைசி ஆட்டம், அதனால் மண்டபம் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். சிலர் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு வைத்ததும் வேறு யாருக்கோ போன் எடுத்திருப்பார்கள். எடுக்கட்டும்.

இனி உங்களிடம் வருகிறேன். பெரியபிள்ளையான பெட்டை காற்சட்டையோடை சனத்துக்கு முன்னாலை விழுந்தெழும்புறதோ எண்டு கேட்டீர்கள். கோல் காக்கிறவள் நீளக் காற்சட்டைதான் போடுவாள், அண்ணா. இதைத் தெரிந்துகொண்டாவது ஏசியிருக்கலாம். ஆனால் அவள் கட்டைக் காற்சட்டை போட்டாலும் என் பதில் இதேதான். ஆட்டத்தை விடாவிட்டால் இனி உன்ரை வீட்டு வாசல் மிதிக்கமாட்டன் எண்டும் சொன்னீர்கள். அப்பா அம்மா இல்லாத எனக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் ஒரு நாளாவது யோசித்தீர்களா? எனக்கு நெஞ்சு கொதித்தது. இன்னும் ஆறவில்லை.

சாருஜா பெரியபிள்ளையாகி இரண்டு வருடம். ஏன் இவ்வளவு காலம் தள்ளினோம்? முதலில் உங்களுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. பிறகு அண்ணியின் தங்கை வீட்டுக் கலியாணம். பிறகு வீடியோக்காரர் இலண்டனுக்குப் போய்விட்டார். எல்லோருடைய கலண்டரையும் பார்த்துப் பார்த்துத் தள்ளினோம். யாரும் குறை சொல்லவில்லை, சாமி குற்றம் என்றும் சொல்லவில்லை. யாருக்குச் சடங்கோ, அந்தப் பிள்ளைக்காக ஒரே ஒரு நாள் தள்ளினால் மட்டும் குடும்ப மானம் போய்விடுமா? ஐயரிடமும் கேட்டுவிட்டேன். ஞாயிறு காலை நல்ல நேரம் இருக்கிறது, தாராளமாகச் செய்யுங்கோ எண்டு சொல்லிவிட்டார். ஐயருக்கே இல்லாத பிரச்சினை உங்களுக்கு ஏன்?

சுபாங்கனின் பள்ளிக்கூட அணி பிளேஓஃப் என்கிற இறுதிச் சுற்றுக்குப் போன வருடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த ஆட்டமும் அப்பாவின் திவசமும் ஒரே நாளில் வந்தது. நீங்கள் ஐயரை விடியற்காலையிலேயே வரச்சொல்லி, திவசத்தைச் சுருக்கமாக முடித்து, வேட்டியை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினீர்கள். அந்தப் பிரிவில் யார் வென்றால் யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே போவார்கள் என்று எனக்கு அரை மணித்தியாலம் போனில் விளங்கப்படுத்தினீர்கள். அப்பா இருந்தாலும் பேரனின் ஆட்டத்தைத்தான் பார்க்கச் சொல்லியிருப்பார் எண்டும் சொன்னீர்கள். நான் ஓம் எண்டேன். இப்போதும் ஓம் என்றுதான் சொல்வேன். நீங்கள் செய்தது சரி. அதே சரியை எனக்கும் தாருங்கள். அப்பாவுக்குப் பேரன் மட்டும் இல்லை, பேத்தியும் இருக்கிறாள்.

நான் இந்த முடிவுக்கு வந்தது ஆட்டத்தின் மேலுள்ள ஆசையால் என்று நினைக்காதீர்கள். போன கிழமை ஸ்ரிபன் வீட்டுக்கு வந்தார். ஆடவிடச் சொல்லிக் கெஞ்ச வருகிறார் என்று நினைத்து, என்ன மறுமொழி சொல்வது என்று யோசித்துக்கொண்டே தேத்தண்ணி போட்டேன். அவர் கெஞ்ச வரவில்லை. சாருஜா தானாகவே அவரிடம் போய், அந்தச் சனிக்கிழமை வரமுடியாது, வேறு பிள்ளையை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டாளாம். குடும்ப விழா முக்கியம், எங்களுக்கு விளங்கும், கவலைப்பட வேண்டாம் எண்டு சொல்லிவிட்டு, சடங்குக்கு வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிசன். ஆனால் அவரும் விட்டுவிட்டார், பிள்ளையும் விட்டுவிட்டாள். அவளுக்காகச் சண்டை பிடிக்க ஒருவர்கூட இல்லை.

அவளைக் கூப்பிட்டு, உனக்கு விளையாட விருப்பமா எண்டு கேட்டேன். நான் தமிழில் கேட்க அவள் டேனிஷில் மறுமொழி சொல்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. எனக்கு எல்லாம் ஒண்டுதான், எதெண்டாலும் பரவாயில்லை எண்டாள். அண்ணா, நான் முதியோர் இல்லத்தில் இத்தனை வருடமாக வேலை செய்கிறேன். வெளியே போய்க் கொஞ்சம் வெயிலில் இருப்போமா என்று கேட்டால் அங்கேயுள்ளவர்களும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான் என்று. அதற்கு அர்த்தம், போக எனக்குக் கொள்ளை ஆசை, ஆனால் உனக்குக் கரைச்சல் தர விருப்பமில்லை என்பது. தொண்ணூறு வயதில் ஒருவர் அப்படிச் சொன்னால் நான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடுவேன். பதினாலு வயதில் என் பிள்ளை அப்படிச் சொல்லப் பழகியிருக்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் பல்லக்குக்குப் பூ என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டிருப்பதா? அடுத்த நாளே மண்டபத்துக்குப் போன் எடுத்தேன். முற்பணம் திரும்ப வராது எண்டார்கள். போனால் போகட்டும்.

இவரைப் பற்றியும் கேட்பீர்கள். முதலில், அண்ணை சொல்லுறதைக் கேளுமன், ஏன் வீண் பகை எண்டார். இந்தக் கிழமை அணியின் சட்டைகளைத் தோய்க்கிற முறை எங்கள் வீட்டுக்கு. இங்கே பெற்றோர் முறைவைத்துத் தோய்த்துக் கொடுப்பது வழக்கம். வேலையால் வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் எல்லாச் சட்டைகளையும் தோய்த்து, வெளியே கொடியில் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தார். சாருஜாவின் கையுறைகளை மட்டும் தனியாகக் கையால் கழுவி நிழலில் வைத்திருந்தார். பாலேந்திரா என்ற மனிசன் வாயால் சம்மதம் சொல்லமாட்டார், உங்களுக்கும் தெரியும். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வெல்வார்களா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. மற்ற அணிப் பிள்ளைகள் உயரம், இரண்டு பேர் நல்ல வேகம். சாருஜாவுக்கு இடது பக்கம் தாழ்வாக வருகிற பந்து கொஞ்சம் கஷ்டம். தோற்றால், இதுக்கோ இவ்வளவு ஆட்டம் எண்டு மச்சாள் கேட்பார். ஓம், இதற்குத்தான் என்று சொல்வேன். கோலுக்குள் நின்று தோற்பதும் அவளுடையதாக இருக்கட்டும். சடைநாகத்தோடு மண்டபத்தில் இருந்துகொண்டு, மேசைக்குக் கீழே போனை ஒளித்து வைத்து யார் வென்றார்கள் என்று அவள் பார்க்கக் கூடாது.

உங்கள் விமானம் வெள்ளிக்கிழமை பில்லுண்டுக்குத்தான் வருகிறது. டிக்கற்றை மாற்றிவிட்டீர்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. விமான நிலையத்திலிருந்து எங்கள் வீடு காரில் கால் மணித்தியாலம். இவர் எப்படியும் வந்து வாசலில் நிற்பார். அண்ணி ஆராத்தி எடுக்கக் கட்டப்போகிற சேலையோடு ஒரு தடித்த ஜக்கெட்டும் கொண்டுவரட்டும். ஆனியிலும் எங்கள் மைதானத்தில் காற்றுக் குளிராகத்தான் அடிக்கும். சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஆட்டம். சாருஜாவின் கோலுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். சத்தம் போடத் தேவையில்லை. மாமா நிற்கிறார் என்று அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும்.

ஞாயிறு காலை தண்ணீர் வார்க்கும்போது தாய்மாமன்தான் தேங்காய் உடைக்க வேண்டும். உங்களுக்குப் பதிலாக வேறு யாரையாவது அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி மச்சாள் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வராவிட்டால் நானே உடைப்பேன். சனம் என்ன சொன்னாலும் உடைப்பேன். நேற்று இரண்டு தேங்காய் வாங்கிப் பின்வளவில் உடைத்துப் பழகியும் பார்த்தேன். இரண்டும் கோணல் மாணலாகச் சிதறிப்போயின. எனக்குச் சரிபாதியாக உடைக்க வரவில்லை, அண்ணா. வாங்கோ.

உங்களுக்கு எப்போதும் வாசல் திறந்திருக்கும் வீட்டிலிருந்து,
அன்புத் தங்கை,
கிருசாந்தி