உள்ளே போகாதவர்கள்

மார்ச் 3, திங்கள்

வெறும் வயிற்றில் சர்க்கரை 188. நேற்று விசேஷ வீட்டில் தின்ற லட்டு, வேறென்ன.

மதியம் மேலதிகாரி சுந்தரராஜுலு கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு வாங்கும் ஐந்து ரூபாயைத் தொடர்வதா, எடுத்துவிடுவதா என்று நகராட்சி மன்றக் கூட்டத்தில் பேசப்போகிறார்களாம். சுகாதார ஆய்வாளர் குறிப்பு வேண்டும். அதாவது என்னுடையது.

எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சந்தைப் பக்கம் இலவசமாகக் கட்டியதற்கு என்ன கதி ஆனது? எட்டே மாதத்தில் குழாயைக் கழற்றிக்கொண்டு போனார்கள், மோட்டார் புகைந்தது, நாற்றம் தாங்காமல் பூட்டுப் போட்டவன் நான். சும்மா கிடைத்தால் தங்கத்துக்குக்கூட மதிப்பிருக்காது. ஐந்து ரூபாய் இல்லாதவர் இந்தக் காலத்தில் யார்?

மார்ச் 5, புதன்

இரண்டு நாளாகக் கழிப்பறை வாசலில் நோட்டோடு நின்றேன். வெளியே வந்தவர்கள் 118 பேரைக் கேட்டதில் 111 பேர் கட்டணம் சரி என்கிறார்கள். காசு வாங்க மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பிதுரைக்கு ஒரே பயம். "இலவசம் பண்ணிப்போட்டா என்ர சம்பளம் எங்கிருந்துங்க சார் வரும்?" நியாயமான கேள்விதான்.

மார்ச் 6, வியாழன்

மகள் தேஜாவிடம் கணக்கைப் பெருமையாகக் காட்டினேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே சொல்கிறாள்: "வெளிய வந்தவங்களைக் கேட்டீங்க நைனா. உள்ளயே போகாதவங்களைக் கேட்டீங்களா?"

கோபம் வந்தது. வாயைத் திறந்தால் வம்பு என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது தப்பில்லை.

மார்ச் 7, வெள்ளி

நாளை மகளிர் தினம், சனிக்கிழமை விடுமுறை. அதனால் இன்றைக்கே ஆபீஸில் கேக் வெட்டினார்கள். எனக்குச் சின்னத் துண்டு.

பிறகு பஸ் ஸ்டாண்டு வெளிச்சுவரை ஒட்டிக் கடை போட்டிருக்கும் பெண்களிடம் போனேன். ஒன்பது பேர். முதலில் தக்காளிக் கூடையோடு ராசாத்தாள், அன்னூர்ப் பக்கத்து ஊர்க்காரி. அவளுக்கு அடுத்து கொய்யா விற்கும் சின்னாத்தாள். "ஏனுங்கம்மா, அஞ்சு ரூபா குடுத்துப் போறதுல சிரமம் இருக்குதுங்களா?" ராசாத்தாள் எழுந்தே நின்றுவிட்டாள். "அதெல்லாம் ஒண்ணும் சிரமமில்லீங்க." மற்ற எட்டுப் பேரும் அதையேதான் சொன்னார்கள். ஒன்பது டிக்.

தேஜாவிடம் சொன்னேன். நோட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மார்ச் 10, திங்கள்

குறிப்பு கொடுத்தாயிற்று. "கட்டணத்தைத் தொடரலாம். பொதுமக்களுக்குச் சிரமம் இல்லை."

மார்ச் 25, செவ்வாய்

ராசாத்தாள் இடம் நாலு நாளாகக் காலி. சின்னாத்தாளிடம் கேட்டேன். பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறாளாம். குளிர்க்காய்ச்சல், இடுப்பு வலி, சிறுநீரில் ரத்தம்.

"பொழுதுக்கும் அடக்கிட்டே உக்காந்திருந்தா என்னாகுமுங்க? காலைல பஸ்ஸு ஏறறதுக்கு முன்னால ஊட்டுல போறதுதான். அப்புறம் பொழுதுசாஞ்சு ஊட்டுக்குப் போனாத்தான். தண்ணியே குடிக்கறதில்லீங்க. ஆம்பளைங்க ஒண்ணுக்குப் போனா காசில்ல. நாங்க எதுக்குப் போனாலும் அஞ்சு ரூவா. மூணு தரம் போனா ஒரு கிலோத் தக்காளி போச்சுங்க."

அப்புறம் எதற்குச் சிரமமில்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

சின்னாத்தாள் என்னைப் பார்த்தாள். "ஆபீசர் நோட்டோட வந்து நின்னா நாங்க வேற என்னத்தைங்க சொல்றது? மரியாதைக்குச் சொன்னமுங்க."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நான் என்ன வெளியூர்க்காரனா? இந்த மண்ணிலேயே பிறந்தவன். பந்தியில் இலைமேல் கையை மறித்து "போதுமுங்க" என்றால் பரிமாறுகிறவன் போய்விடுவானா? இன்னொரு தரம் கேட்பான். மூன்றாம் தரமும் கேட்பான். முதல் தரம் சொல்வது மரியாதைக்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? சோத்துக்கு மூணு தரம் கேப்போம். இதுக்கு ஒரு தரம் கேட்டுட்டு டிக் போட்டுட்டு வந்துட்டேன். எனக்கு வேண்டிய பதில் கெடச்சுது, அதான் மறுபடி கேக்கல.

நான் சர்க்கரைக்காரன். ஆபீஸ் வேலையாகச் சுற்றும் நாளில் அந்தப் பஸ் ஸ்டாண்டுக்கே நாலு தரம் போகிறேன். ஒரு நாளும் காசு கொடுத்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 26, புதன்

ராசாத்தாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் ஊசி, உதடு வெடித்துக் கிடந்தது. கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று நர்ஸ் சொன்னாள். ராசாத்தாள் என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

"நீங்க எதுக்குங்க வேல கெட்டு வந்தீங்க? எனக்கு இப்ப பரவாயில்லீங்க."

அங்கேயும் பரவாயில்லைதான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 28, வெள்ளி

இரண்டாவது குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். முந்தைய குறிப்பு தவறு. பெண்களுக்குக் கட்டணம் கூடாது. ஆனால் சும்மா திறந்துவிட்டால் சந்தைக் கழிப்பறையின் கதிதான் ஆகும். தண்ணீரும் தம்பிதுரையின் சம்பளமும் ஆபீஸ் பொறுப்பு.

சுந்தரராஜுலு கண்ணாடியைக் கழற்றினார். "சென்னகேசவன் சார், ஆகஸ்டுல ரிட்டயர்மெண்ட். இப்ப எதுக்குங்க ஆப்பசைச்ச கொரங்காட்டம்? மொதக் குறிப்பு பொய்னா மெமோ வரும். பென்ஷன்ல கை வெப்பாங்க."

தெரியும் என்றேன்.  பயமில்லை என்று எழுதினால் பொய்.

ஏப்ரல் 2, புதன்

தூக்கம் இல்லை. வாபஸ் வாங்கிவிடலாமா? இன்னும் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

மன்றத்தில் என்னை எழுப்பி நிறுத்தினார்கள். "ஒரே ஆள், ஒரே மாசம், ரெண்டு குறிப்பு. எதைங்க நாங்க நம்பறது?" என்று ஓர் உறுப்பினர். சிலர் சிரித்தார்கள்.

"ரெண்டையும் நான்தானுங்க எழுதினேன். மொதல்ல காசு குடுத்துப் போறவங்களக் கேட்டேன். அப்புறம் போகாதவங்களைக் கேட்டேன், ஆனா நின்னு கேக்கல. தப்பு என்ர மேலதானுங்க." உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். மூன்று மாதத்துக்குப் பெண்களுக்குக் கட்டணமில்லை, பிறகு பார்க்கலாம் என்று முடிவு. தம்பிதுரை சம்பளம் சுகாதார நிதியிலிருந்து.

மாலையில் மெமோவும் வந்தது. தேஜா படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். "காப்பி போடட்டுமா நைனா?" என்றாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பெண்களுக்கு இலவசம் தொடங்கிவிட்டது.

மே 20, செவ்வாய்

மெமோவுக்கு விளக்கம் கொடுத்தாயிற்று, இன்னும் பதில் இல்லை. பென்ஷன் காகிதங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். 

ஜூலை 4, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். ராசாத்தாள் போன மாதமே திரும்பி வந்துவிட்டாள் என்று தெரியும். ஆனால் கிட்டப் போய்ப் பேசத் தயக்கமாகவே இருந்தது. இன்றும் எதிர்ப்பக்கமாக நடந்தேன். அவளே கூப்பிட்டாள்.

"ஏனுங்க சார், இங்க வாங்க."

போனேன். அவள் எழுந்திருக்கவில்லை. தக்காளியை நிறுத்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டாவது ரூம்புல தாப்பா இல்லீங்க. ஒரு கையில கதவப் புடிச்சுட்டே உக்காரோணும். மத்தியானத்துக்கு மேல தண்ணியும் வாரதில்ல. அந்தத் தம்பிதுரைகிட்ட நாலு நாளாச் சொல்றோம், காதுலயே வாங்கறதில்ல. நீங்கதானுங்க இதையெல்லாம் பாக்கோணும்? எங்கீங்க போயிருந்தீங்க இத்தன நாளு?"

முப்பத்தோரு வருட சர்வீஸில் இந்தக் கடை வரிசையில் ஒருவரும் என்னிடம் குறை சொன்னதில்லை.  சரீங்க என்றேன். நோட்டை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சின்னாத்தாளும் இரண்டு குறை சொன்னாள்.