ரயில் ஜன்னலில் சொன்னது

முனிர்கா, புது தில்லி
14-6-1981

அன்பு மகள் பூங்கோதைக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே சுகம், நீயும் சிகாகோவில் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

கடிதம் தாமதமானதற்குக் காரணம் சொன்னால் சிரிப்பாய், அப்பா சினிமாவில் நடித்துவிட்டேன். மாடி வீட்டுச் சேஷன், ஹாலிவுட்டிலிருந்து படமெடுக்க வந்த கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தான், மகளை ரயிலேற்றிவிடும் கிழவராக ஒரு ஆள் வேண்டுமாம், சும்மாதானே இருக்கீங்க மாமா, வாங்க என்று கூட்டிப்போனான். அம்மாவும் போய்ச்சேர்ந்து நீயும் போனபின் வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசுகிறது, அதனால் சரியென்றேன்.

அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வந்ததும் ஆந்தி என்கிற இந்த ஊர்ப் புழுதிப்புயல் அடித்து, அட்டையில் கட்டிய ஸ்டேஷன் கூரை பறந்துபோயிற்று. கதாநாயகி வயிற்றுக் கோளாறில் ஹோட்டலை விட்டு வரவில்லை. டைரக்டருக்கும் தயாரிப்பாளருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை, நடுவில் சேஷன்தான் தூது. என் மகளாக நடித்தவள் லாஜ்பத் நகர்ப் பஞ்சாபிப் பெண், உன் வயதுதான். ஜன்னலருகே நின்று எந்தப் பாஷையிலாவது பேசுங்கள், குரலை அமெரிக்காவில் வேறு ஆளை வைத்துச் சேர்த்துக்கொள்வோம் என்றார் டைரக்டர். பாலம் ஏர்போர்ட்டில் உன்னிடம் சொன்னதையே சொன்னேன், பாஸ்போர்ட் பத்திரம், ஊறுகாய் பாட்டில் சாயாமல் பார்த்துக்கொள் என்று. ரயில் நகர்ந்ததும் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. மறுபடி எடுத்தார்கள், கூட்டத்தில் ஒருவன் காமிராவைப் பார்த்துக் கையாட்டினான். அப்புறம் எஞ்சின் கிளம்பவில்லை. ஒவ்வொரு முறையும் அசிஸ்டெண்ட் வந்து, "பாபுஜி, பஸ் ஏக் பார் அவுர்" என்பான், இன்னும் ஒரே தடவை என்று. பெற்ற பெண்ணை ஒரு தடவை அனுப்பியதே எனக்குப் போதும் அம்மா, அன்று சாயங்காலம் வரை அனுப்பிக்கொண்டே இருந்தேன். வெயில் இறங்கும் நேரம் கடைசியாக ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "போவாத தாயி, வீட்டுக்கு வந்துரு, ஒத்தையில இருக்க முடியல" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியாது, ஆனாலும் அழுதுவிட்டாள். டைரக்டர் கைதட்டினார். அங்கே தமிழ் தெரிந்தவன் சேஷன் ஒருவன்தான், அவன் என் முகத்தைப் பார்க்காமல் சோடா வாங்கப் போய்விட்டான்.

அந்த வாரமே சண்டை முற்றி, கம்பெனி மூட்டை கட்டிவிட்டது. படம் வருமோ வராதோ. உங்கள் ஊரில் வந்தால் போய்ப் பார், என் வாயைப் பார்க்காதே, எவனோ இங்கிலீஷில் பேசுவான், அதை மட்டும் கேள்.

நீ வரவேண்டும் என்று இதை எழுதவில்லை. அன்று ஏர்போர்ட்டிலேயே இதைச் சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய், அதனால்தான் பாஸ்போர்ட்டையும் ஊறுகாயையும் பற்றியே பேசினேன். இப்போது பாதிப் படிப்பைத் தாண்டிவிட்டாய், சொன்னாலும் நிற்கமாட்டாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். முடித்துவிட்டே வா. அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ராத்திரி லேபிலிருந்து தனியாக நடந்து வராதே. போன் பண்ணுவதானால் ஞாயிற்றுக்கிழமை சேஷன் வீட்டு நம்பருக்குப் பண்ணு, எந்நேரமானாலும் சரி, நான் காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
நல்லசிவம்