கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்

அன்பு மகள் மலர்விழிக்கு, கிள்ளானிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க மாரியம்மாவை வேண்டிக்கொள்கிறேன். இத்தனை வருடம் நான் சொல்ல உன் தம்பி ஜீவன் எழுதுவான். இந்த வயதில் எழுத்துக் கற்று, இது நானே எழுதுவது, நேற்று பாதி, இன்று பாதி.

அம்மா பழைய சேலைகளில் கைப்பை தைக்கிறாள் அல்லவா, நாற்பது சேர்ந்ததும் கோயில் மண்டபத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு பையிலும் தொங்கவிட டேக் வேணும், நான் அச்சடிச்சிட்டு வரேன் என்றான் ஜீவன். நான் எழுதுகிறேன் என்றேன். வீடே சிரித்தது. உங்க எழுத்து பஸ்ஸுக்கு ஓடற மாதிரி சாஞ்சு கிடக்கு, பை வாங்க வந்தவங்களும் சேர்ந்து ஓடிருவாங்க என்றாள் அம்மா. கடைசியில் இந்த ஒரு சந்தைக்கு என் எழுத்து, பை விற்காவிட்டால் அடுத்த தடவை அச்சு என்று முடிவானது. என் எழுத்தை வெளியார் யாரும் பார்த்ததில்லை மா. அட்டைக்கு அலமாரியில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்தேன், நல்ல தடிப்பு, பின்பக்கம் வெறுமை. மஞ்சள் தடவினதை வெட்டாதீங்க என்று அம்மா தடுத்தாள். கப்பல் போர்ட்டில் முப்பது வருடம் மூட்டைக்கு டேக் கட்டியிருக்கிறேன், எவன் திருப்பிப் பார்த்தான் என்று சொல்லி வெட்டிவிட்டேன். என் ஐசி அடையாள அட்டையை வைத்துக் கோடு போட்டு, முனைகளை மழுக்கி, ஓட்டை போட்டு, தையல் நூல் கோத்தேன். ‘வள்ளியம்மா கையால் தைத்தது, கிள்ளான்’, எழுதியது இவ்வளவுதான். நாற்பதும் முடிக்க நான்கு நாள்.

சந்தையில் முதலில் வந்த பெண் பச்சைப் பையை எடுத்து டேக்கைத் திருப்பினாள். முகம் மாறியது. அங்கிள், இது எங்க மாமனார் பேரு, எங்க கல்யாணப் பத்திரிக்கை என்றாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது. அவள் புருஷன் விஜயன் எட்டிப் பார்த்து, நம்ம கல்யாணத்தையே வெட்டித் தொங்க விட்டுட்டாங்க லா என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு, மிச்சத்தையும் தேடணும் என்று உட்கார்ந்துவிட்டாள். முகூர்த்த நேரம் ஒரு பையில், மண்டபம் இன்னொன்றில், அவள் பெயர் ஊதாப் பையில். நான்கையும் வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்த மற்றவர்களும் எங்க அண்ணன் கல்யாணம் இருக்கா ஆன்டி என்று திருப்பித் திருப்பிப் பார்க்க, மத்தியானத்துக்குள் கடை காலி. ஜீவன் விடவில்லை. அப்பா, வித்தது பின்னால இருந்த அச்சுதான், உங்க எழுத்து இல்ல என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அம்மாதான், முன்னால என் பேர எழுதினது யாருடா, அச்சுக்கடைக்காரனா என்று கேட்டாள். எழுத்துப் பிழையானால் உதவட்டும் என்று ஒரு டேக் கூடுதலாக எழுதியிருந்தேன், அதைத் தன் சாவிக்கொத்தில் கட்டிக்கொண்டாள். அடுத்த ஐம்பது பைக்கும் நான்தான் எழுத வேண்டுமாம், இந்தத் தடவை பிஸ்கட் பெட்டி அட்டையில்.

உன் பத்திரிகையை நான் வெட்டவில்லை, பயப்படாதே. வெளியே போனால் குளிருக்குக் காதை மூடிக்கொள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, நானே படிக்க வேண்டும். இருவரும் குறைவில்லாமல் வாழ ஆசீர்வாதம்.

உன் அப்பா,
சின்னையா த/பெ தம்புசாமி