பேரிக்காய் மரத்தடியில் கரடி

பிமலாவின் அப்பாவுக்கு, தில்மாயா கும்பிட்டு எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? எருமை கன்று போட்டதா? நான் சுகம்.

ஒரு கூத்தைக் கேளுங்கள், பயப்படாதீர்கள். மலையடியில் இருக்கும் எங்கள் ஓட்டலுக்கு டில்லிக்காரர்கள் ஒரு வாரம் வாயே திறக்காமல் மௌன விரதம் இருக்கத்தான் வருகிறார்கள். நேற்றுக் காலை மல்ஹோத்ரா அம்மா ஆற்றங்கரைப் பாறையில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோனேன். அவருக்குப் பின்னால், பேரிக்காய் மரத்தடியில், ஒரு கரடி!

எனக்கு மௌனமும் மறந்தது, முதலாளியும் மறந்தார். டீயைக் கொட்டிவிட்டு, தட்டைப் பாறையில் அடித்து, நம் சோளக்காட்டில் கத்துவதுபோல நேபாளியிலேயே கத்தினேன்.

"போடா தடியா! உங்கப்பன் வீட்டுத் தோப்பா?"

அந்த அம்மா கண்ணைத் திறந்து, உதட்டில் விரல் வைத்து என்னை முறைத்தார். அதற்குள் கரடி அவரை உரசாத குறையாக ஓடி, ஆற்றில் பாய்ந்து அக்கரை ஏறியது.

"அடியே தில்மாயா, என் உசிரே போயிருக்கும்டி!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு சாயங்காலம்வரை அவர் வாய் ஓயவில்லை. முதலாளி நேகி அண்ணன்கூட, "விரதத்தையே கலைச்சிட்டியே, ராட்சசி!" என்று சிரித்தார்.

எனக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது. நம் பாஷையில் வாய்விட்டுப் பேசி எவ்வளவு நாளாயிற்று!

ஊரிலிருந்து இங்கே வருகிறவர்களிடம் காய்ந்த கீரை கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். பிமலாவுக்குச் செருப்பு வாங்க வேண்டும். அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். இரண்டு தாளில் வரையுங்கள். ஒன்று கடைக்காரரிடம் போய்விடும்.

கடிதத்தை வாங்கிப்போக ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார்.

தில்மாயா