அம்மாவின் தோட்டத்துக்கு வந்தவர்கள்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, இருமல் மட்டும் என்னை விட்டுப்போக மனசில்லாமல் கூடவே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் மீட்டிங்ப்பா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

கடையைத் தினமும் திறக்கிறேன். இப்போது டிவி ரிப்பேருக்கு யார் வருகிறார்கள், ரிமோட்டுக்குப் பட்டன் மாற்ற வருகிறார்கள், அவ்வளவுதான். போன வாரம் பரணை ஒழித்தபோது உன் பழைய கேம் பெட்டி கிடைத்தது. கேசட்டை ஊதிச் செருகினேன், உடனே ஓடியது. உனக்கு ஆறு வயதில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த விளையாட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. மெஷினில் காசு சிக்கினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், நீ ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவாய். ஒரு காசுக்கு மூன்று உயிர், மூன்றும் போனால் நடையைக் கட்டு. அப்புறம் இந்தக் கேசட், ஒருமுறை விலை கொடுத்தோம், விற்றவன் அதன்பின் நம்மை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு நீ கேம் கம்பெனியில் சேர்ந்து, லீவில் வந்தபோது நீ வேலை செய்த அந்தத் தோட்ட விளையாட்டை அம்மா போனில் போட்டுக் கொடுத்தாய். காசே வேணாம்மா, இலவசம் என்றாய். அப்படியானால் உனக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று நான் கேட்டேன். ஒரு நாள் தண்ணி ஊத்தலைன்னா செடி வாடும்ப்பா, அதைப் பார்க்கச் சகிக்காம காசு கட்டுவாங்க, என் ஐடியாதான் என்று சிரித்தாய். அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

தெரிந்தும் அவள் தானாக ஒரு நாளும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் வலது கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும், இடது கையால் தண்ணீர் ஊற்றுவாள். மருந்தில் அசந்து தூங்கிய நாட்களில் செடி வாடிவிடும், கண் விழித்ததும் காசு கட்டச் சொல்லி என்னை நச்சரிப்பாள். பைத்தியமா உனக்கு, இது நிஜச் செடியா என்று ஒருநாள் கத்திவிட்டேன். நம்ம பொண்ணு பண்ணதுங்க, என் கண்ணெதிர்ல வாட விடலாமா என்றாள். அன்றைக்கு நான் கத்தியிருக்கக் கூடாது. அவள் கண்ணை மூடியபின் இந்த எட்டு மாதமும் அவள் போனிலிருந்து நான்தான் ஊற்றுகிறேன்.

திங்கட்கிழமை அந்தப் போனுக்கு உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. வருமானம் போதவில்லையாம், முப்பதாம் தேதி மாலை ஆறு மணியோடு மூடுகிறார்களாம், வாங்கியது எதுவும் திரும்பக் கிடைக்காதாம். என் புத்தியைப் பார், பக்கத்துக் கடை போன் மெக்கானிக்கிடம் ஓடிப்போய், தோட்டத்தை மட்டும் ஒரு மெமரி கார்டுல ஏத்திக் குடுப்பா என்றேன். அது போன்லயே இல்லண்ணே, அவங்ககிட்ட இருக்கு, நீங்க கட்டின காசெல்லாம் பார்த்துட்டு இருக்கத்தான், சொந்தமா வச்சுக்க இல்ல என்றான். நாற்பது வருஷமாக எதையும் கழற்றி மாட்டியவன் நான், இதில் கழற்ற ஒரு திருகாணிகூட இல்லையே என்று நின்றேன்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. மறைப்பானேன், கொஞ்சம் கோபம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் கேட்க வந்தது வேறு. வேறு யாராவது தங்கள் போனிலிருந்து வந்து பார்த்தால் பெயர் காட்டுகிற மாதிரி, தோட்டத்து வாசலில் ‘வந்தவர்கள்’ என்று ஒரு பலகை வைத்திருக்கிறீர்கள் அல்லவா, தண்ணீர் ஊற்றி முடித்ததும் அம்மா தினமும் அதைத் தொட்டுப் பார்ப்பாள். எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நேற்றுதான் நானும் தொட்டேன். மூன்று வருஷத்தில் ஒருவரும் வரவில்லை என்று காட்டியது. செடிகளுக்கு நடுவே ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டு, அதில் உன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள்.

அம்மாவுக்கும் சேர்த்து நானே ஆசீர்வதிக்கிறேன், இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. முப்பதாம் தேதி ஆறு மணி என்பது உங்கள் ஊரில் எத்தனை மணியோ பார்த்துக்கொள். அதற்குள் ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போ. தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதை நான் ஊற்றி வைக்கிறேன். நீ வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா